ஏரியில் பாதி, கழனியில் மீதி

அரசுப் பள்ளியில் பசுமைப் படைப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பணியில் சேர்ந்த புதிதில், அறிவியல் ஆசிரியை என்பதாலும் மாட்டேன் என்று சொல்லத் தயங்கியதாலும் அது என் தலையில் வந்து விழுந்தது. பள்ளி மதுராந்தகம் பக்கம். கூப்பிடு தூரத்தில் வேடந்தாங்கல். அதனால் மரக்கன்று நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் இவற்றோடு பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதும் சேர்ந்துகொண்டது. இப்போது பருவம் தவறாமல் போகிறோம். விடுமுறை நாட்களில் சென்னையிலிருந்து வரும் குடும்பங்களுக்கு நண்பர்களோடு சேர்ந்து பறவை நடை நடத்துவதும் உண்டு. பிள்ளைகளை எப்போது, எப்படிப் பறவை பார்க்கக் கூட்டிப்போவது என்று மற்ற பள்ளி ஆசிரியர்கள் போனில் கேட்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் சைபீரியா விஷயத்தை முடித்துவிடுகிறேன். பருவகாலத்தில் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்த பறவை" என்று யாராவது சொல்வது காதில் விழும். அப்பா பிள்ளைக்குச் சொல்வார், ஆசிரியர் வகுப்புக்கே சொல்வார். அதுவும் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சோடு நிற்கும் நத்தைகுத்தி நாரையைக் காட்டியே சொல்வார்கள். அது சுத்தமான நம்ம ஊர்ப் பறவை. மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, சாம்பல் நாரை எல்லாமே இந்தியத் துணைக்கண்டத்துக்குள் தண்ணீரைத் தேடி இடம் மாறிக்கொண்டிருப்பவைதான். தண்ணீர்ப் பரப்பில் கூட்டமாக மிதக்கிறதே ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, அவைதான் உண்மையில் வட ஆசியப் பக்கமிருந்து குளிருக்குத் தப்பி வருகிற விருந்தாளிகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, தூங்கி, உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு கோடைக்கு முன்னால் கிளம்பிவிடும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: ஏரி மரத்தில் கூடு வைத்திருந்தால் அது நம்ம ஆள். ஒரு வரிதான், ஆனால் அதற்கப்புறம் அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. வெளிநாட்டுப் பறவை என்று சொன்னால் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். நம்ம ஊர்ப் பறவை என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: "அப்போ மத்த மாசத்துல எங்க டீச்சர் இருக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஏரிக்கரையில் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 எக்டேர்தான். அத்தனை ஆயிரம் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்த ஒரு ஏரியிலேயே மீன் கிடைத்துவிடாது. சுற்றியுள்ள நெல் கழனி, மதுராந்தகம் ஏரி, பெயர் தெரியாத சின்னச் சின்னத் தாங்கல்கள், குட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. வேடந்தாங்கல் தொட்டில் என்றால் அடுப்படி வெளியில் இருக்கிறது. நடை என்ற பெயரில் கரையில் ஏற்றி, பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏற்றி இறக்கி, வேனில் திருப்பி அனுப்பினால் பிள்ளைகள் பாதிதான் பார்த்திருப்பார்கள்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கரையில் நின்று நத்தைகுத்தி நாரையின் அலகைப் பற்றி நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, "இது எங்க கழனியில தினமும் நிக்கும் டீச்சர். நத்தைய எடுத்து வரப்புல வெச்சித்தான் நோண்டும்" என்றாள். அலகின் நடுவில் இடைவெளி இருப்பது அவளுக்குப் புதுச் செய்தி. நான் புத்தகத்தில் படித்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அன்றைக்கே திரும்பும் வழியில் வேனை ஓரங்கட்டி, அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு கழனியில் இறங்கினோம். வரப்பு ஓரத்தில் காலி நத்தை ஓடுகள் கிடந்தன. பெரும்பாலானவை உடையாமல் முழுசாக. நத்தைகுத்தி ஓட்டை உடைப்பதில்லை. கீழ் அலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் நுழைத்து, ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, உள்ளிருப்பதை உருவி எடுத்துவிடும். உடைந்து கிடக்கும் ஓடு என்றால் அது வேறு யாரோ செய்த வேலை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் போலீஸ்காரர்கள் ஆகிவிட்டார்கள். எது முழுசு, எது உடைசல் என்று பிரித்து, எண்ணி, நோட்டில் எழுதி, கை கால் எல்லாம் சேறு. கரையில் நின்றபோது இருந்த சுறுசுறுப்பு மாதிரி இரண்டு பங்கு அங்கே பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் நடை இரண்டு பாகம்: ஏரி, அப்புறம் கழனி.

எந்த மாதம் போவது என்ற கேள்விக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் அடிமரம் மூழ்கி நிற்க வேண்டும். அப்போதுதான் பூனை, கீரி, நரி எதுவும் நெருங்க முடியாது என்ற தைரியத்தில் பறவைகள் கூடு கட்டும். நவம்பரில் போனால் கூடு கட்டும் வேலையைப் பார்க்கலாம். சுள்ளியைத் தூக்கிக்கொண்டு வருவது, ஜோடியிடம் கொடுப்பது, இது இந்தப் பக்கம் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரன் அதை உருவிக்கொண்டு போவது. சுள்ளித் திருட்டைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது. டிசம்பர், ஜனவரியில் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் வளர்ந்த குஞ்சுகள் கிளை நுனியில் நின்று இறக்கையை அடித்துப் பழகும், தடுமாறும், பக்கத்துக் கிளைக்குத் தாவும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஜனவரிதான் என் கணக்கு. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காணும் பொங்கலன்று கரையில் மனிதத் தலைதான் தெரியும்.

மழை ஏமாற்றிய வருடங்களில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் பேருக்குத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்திலோ அந்த ஊரில் தெரிந்தவர்களிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் அப்படிப்பட்ட வருடத்தில் நடையை ரத்து செய்வதில்லை. கழனிப் பாகத்தை மட்டும் வைத்துக்கொள்வோம்.

நேரம்: காலை ஆறரைக்குள் கரையில் இருக்க வேண்டும், அல்லது மாலை நாலு மணிக்கு. நடுவில் போவது வெயிலில் காய்வதற்குத்தான் உதவும். பள்ளிப் பிள்ளைகளை அவ்வளவு காலையில் கூட்டுவது நடக்கிற காரியமில்லை என்பதால் நாங்கள் மாலையைத்தான் எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு லாபமும் இருக்கிறது. மாலையில் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும், எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று பார்க்கலாம். எந்தப் பக்கம் கழனி, எந்தப் பக்கம் மதுராந்தகம் ஏரி என்று பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும் அல்லவா? அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். எல்லாம் வீடு திரும்புகிற நேரத்தில் வக்கா மட்டும் வேலைக்குக் கிளம்பும். பகலெல்லாம் சிவந்த கண்ணோடு கிளைக்குள் உம்மென்று உட்கார்ந்திருந்த பறவை அது. ஆலையில் நைட் ஷிப்ட் போகும் அப்பாவின் மகன் ஒருவன் அதற்கு "எங்கப்பா" என்று பெயர் வைத்தான். அந்தத் தொகுதிப் பிள்ளைகளுக்கு வக்கா இன்னும் "அவன் அப்பா"தான்.

போவதற்கு முன் ஒரு வகுப்பு கட்டாயம். பறவைப் படங்களைப் புரொஜெக்டரில் வரிசையாகக் காட்டும் வகுப்பு வேண்டாம். பத்தாவது படத்தில் பின்பெஞ்சு தூங்கிவிடும். நாங்கள் செய்வது சமையல் சாமான் வகுப்பு. ஒரு பிளாஸ்டிக் டப்பில் களிமண் கரைத்த தண்ணீர், அடியில் ஒரு கை புளியங்கொட்டை. இரண்டு சாதக் கரண்டிகளைக் காம்புப் பக்கம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் அகலமான அலகு தயார். பிள்ளையின் கண்ணைக் கட்டி, கரண்டி அலகைக் கையில் கொடுத்து, கொட்டைகளை எடுக்கச் சொல்வோம். முதலில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள், ஒன்றும் மாட்டாது. கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லித்தராமலே அலகை லேசாகத் திறந்து இடமும் வலமுமாகத் துழாவ ஆரம்பிப்பார்கள். ஏதாவது தட்டுப்பட்டதும் டப்பென்று மூடுவார்கள். கரண்டிவாயன் செய்வது அதுதான். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, தொடு உணர்ச்சிதான். மஞ்சள் மூக்கு நாரையும் அப்படியே. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறிவிட்டு, மீன் மோதியதும் கவ்வும். அதே டப்பில் அடுத்த பிள்ளைக்குக் கோணி ஊசி கொடுத்தால் பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும் பறவை. மீனைக் கவ்வாது, குத்தும். கோணி ஊசியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், ஆசிரியரே செய்து காட்டினால் போதும். இந்த வகுப்பைப் பார்த்த பிள்ளை கரைக்குப் போனதும் "கரண்டி எங்க டீச்சர்?" என்றுதான் கேட்கும். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வந்த பிள்ளை கேட்பது "இன்னும் எத்தனை இருக்கு?"

கரைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. நடக்கக் கூடாது. நடை என்று பெயர் வைத்துவிட்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் நீளக் கரையை முழுக்க நடந்தால் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எதையும் பார்க்காமல் வருவார்கள். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதிரில் உட்காரவைத்து, ஒரு ஜோடிக்கு ஒரு கூடு என்று பிரித்துக் கொடுத்துவிடுவேன். கால் மணி நேரம் அந்தக் கூட்டில் என்ன நடக்கிறதோ அதை எழுத வேண்டும், அல்லது வரைய வேண்டும். பேச்சு கிடையாது. முதல் ஐந்து நிமிடம் நெளிவார்கள். "ஒண்ணும் பண்ணல டீச்சர், சும்மா நிக்குது" என்று வரும். நிற்கிறதே, எப்படி நிற்கிறது, நிழல் யார் மேல் விழுகிறது என்று கேட்டால் போதும். வெயிலில் மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கூழைக்கடாக் குஞ்சு தாயின் வாய்ப்பைக்குள் தலையை முழுசாக விட்டுத் தின்பதைப் பார்த்து ஒரு பெண் பயந்து, "தின்னுடுச்சு டீச்சர், குஞ்சத் தின்னுடுச்சு" என்று கத்தினாள். கொஞ்சம் பொறு என்றோம். தலை வெளியே வந்தது. குஞ்சு மறுபடி உள்ளே விட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மிகவும் பிடித்தது வேறு. நாரைகள் வெயில் அதிகமானால் தங்கள் கால் மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. எச்சத்தில் உள்ள நீர் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. நாரைகளின் கால் சில நேரம் வெள்ளையடித்த மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம். ஆவியாதலால் குளிர்ச்சி என்று பாடப் புத்தகத்தில் வருவதை நான் அதற்கப்புறம் வகுப்பில் நடத்தவே தேவையில்லாமல் போனது. பரீட்சையில் நாரையைத்தான் உதாரணமாக எழுதினார்கள். மதிப்பெண் போட்டேன்.

நத்தைகுத்திக் கூடு கிடைத்த ஜோடிக்கு ஒரு கூடுதல் வேலை கொடுக்கலாம். குஞ்சின் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பறவைக்கு இருக்கும் இடைவெளி குஞ்சுக்கு இருக்காது, அலகு ஒழுங்காக மூடும். வளர வளரத்தான் இடைவெளி விழும். பார்த்தவர்கள் மற்றவர்களிடம் போய்ப் பெருமையடித்துக்கொள்வார்கள், அதை விட்டுவிடுங்கள்.

பைனாகுலர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வகுப்புக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் அதிர்ஷ்டம். கொடுக்கும்போது வாரை முதலில் கழுத்தில் மாட்டவேண்டும், அதற்கு அப்புறம்தான் கையில் பிடிக்கவேண்டும். பறவையை வெறும் கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கவேண்டும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானம்தான் தெரியும். கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குக் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை மடக்கிவிட வேண்டும். மற்றவர்களுக்குப் பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டிக் குழல் செய்து கொடுத்துவிடுகிறோம். அது எதையும் பெரிதாக்காது. ஆனால் சுற்றியிருக்கும் நூறு பறவைகளையும் மறைத்து ஒரே ஒரு கூட்டை மட்டும் கண்முன் நிறுத்தும். சில பிள்ளைகள் பைனாகுலர் முறை வந்தும் குழலை விடமாட்டேன் என்கிறார்கள்.

பறவையைக் காட்டும்போது கையை நீட்டி "அதோ, அந்தப் பக்கம்" என்றால் யாருக்கும் புரியாது. கடிகார முறை நல்லது. நேர் எதிரில் இருக்கும் பெரிய மரம் பன்னிரண்டு மணி. "பத்து மணி, மேலிருந்து இரண்டாவது கிளை" என்றால் சரியாகப் பார்த்துவிடுவார்கள். முள் கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அதையும் முந்தின நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

கூட்டம் பதினைந்து பேருக்கு மேல் ஒரு குழுவாக வேண்டாம். குழுவுக்கு ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில். கடைசியில் வருகிறவர் யாரையும் தனக்குப் பின்னால் விடக்கூடாது, அது ஒன்றுதான் அவர் வேலை. ஒரு தடவை பெரிய தனியார் பள்ளி ஒன்று பேருந்து பேருந்தாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கரையில் ஏற்றியது. ஒழுங்குபடுத்த உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். பக்கத்து மரங்களில் இருந்த நீர்க்காகங்கள் மொத்தமாக எழும்பின. பெரியவை எழும்பினால் கூட்டில் இருக்கும் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் விட்ட மாதிரிதான். காவலர் ஒருவர் ஓடி வந்து, "சார், ஊதாதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நம் கூட்டத்தில் விசில் இல்லை என்பதை வேன் ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் ஜிகினாத் தொப்பியும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கழிப்பறையைப் பற்றி முதலில் யோசியுங்கள். கரைக்கு ஏறுவதற்கு முன்னாலேயே எல்லோரையும் ஒரு சுற்று அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள், மாலையில் தலைவலி வரும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், கரையில் வைத்துச் சாப்பிடாதீர்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம், தலைமை ஆசிரியர் கையெழுத்து, வனத்துறைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம், இந்த மூன்றும் இருந்தால் வாசலில் பேச்சு வளராது.

சென்னைக் குடும்பங்களோடு நடப்பது வேறு மாதிரி. பிள்ளைகள் பிரச்சினை இல்லை, பெரியவர்கள்தான். பிள்ளை ஒரு கூட்டைப் பார்த்து நின்றுவிட்டால், "அங்க பாரு கண்ணா, இங்க பாரு" என்று தோளைப் பிடித்துத் திருப்புவார்கள். இல்லாவிட்டால் பறவைக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அதனால் பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம். பிள்ளை பார்க்கும் கூட்டுக்குப் பெரிய பறவை வருகிற நேரம், போகிற நேரம், இரண்டையும் அவர்கள் குறிக்க வேண்டும். அதற்கப்புறம் ஆச்சரியமாக அமைதியாகிவிடுகிறார்கள். ஒரு வங்கி மேலாளர் கணக்குப் புத்தகம் மாதிரி கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.

வரலாற்றையும் சொல்லவேண்டும்தான், ஆனால் நுழைவாயில் பலகையைப் படித்துக் காட்டுவது வரலாறு ஆகாது. நான் அதைக் கழனியில் வைத்துத்தான் சொல்வேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-ல் யாரும் சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அதை மறுபடி உறுதிசெய்து வாங்கிக்கொண்டார்கள். அரசாங்கம் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-ல்தான். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஊர்க்காரங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை?" என்று கேட்பேன். கரையில் வைத்துக் கேட்டால் "ஜீவகாருண்யம்" என்று புத்தகப் பதில் வரும். கழனியில் கேட்டால் வாய்க்காலைப் பார்ப்பார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் உரத் தண்ணீர். அந்தத் தண்ணீர் பாயும் நிலம் விளைச்சலில் காட்டிவிடும். கழனிக்காரர் ஒருவர் பிள்ளைகளிடம், "எங்க தாத்தன் காலத்துல மூட்டை உரம் ஏது? இதுங்கதான் போட்டுச்சு" என்றார். அவர் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லையாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அங்கயும் கழனி இருக்கா டீச்சர்?" என்று உடனே ஒரு கேள்வி வந்தது.

நேரம் இருந்தால் கரிக்கிலியையும் சேர்த்துக்கொள்ளலாம். வேடந்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். 1989-ல் சரணாலயமானது. கூட்டம் கிடையாது. கூட்டு மரங்களைவிட வாத்துகளும் கரையோரம் ஓடித் திரியும் சின்னப் பறவைகளும் பார்க்கத் தோதான இடம். மேலே சொன்ன சைபீரியா விருந்தாளிகளை நிதானமாகக் காட்ட வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் முதல் தடவை வரும் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் சப்பென்றிருக்கும். தூரத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும் வாத்தைக் காட்டி எவ்வளவு நேரம் பேச முடியும்? இரண்டாம் வருடம் வருகிறவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "நான் சென்ற சுற்றுலா" என்று ஒரே மாதிரி நாற்பது கட்டுரை வரும். நோட்டில் எழுதிய கூட்டுக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு பேசினால் போதும். யார் கூட்டில் எத்தனை தடவை இரை வந்தது, யார் கூட்டில் சண்டை, எந்தக் குஞ்சு எப்போதும் பின்னால் தள்ளப்பட்டது. அதையே கணக்கு ஆசிரியர் வாங்கிப் பட்டை வரைபடம் போட வைத்தார். எங்கள் பள்ளியில் இரண்டு பாட ஆசிரியர்கள் சண்டையில்லாமல் ஒரு பொருளைப் பகிர்ந்துகொண்டது அநேகமாக அதுதான்.

தொடர்ந்து செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. சரணாலயத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. எந்த இடத்திலும் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். எங்கள் பிள்ளைகள் கழனியில்தான் எண்ணுகிறார்கள். நெல் அறுப்புக்கு முந்தின பருவம், உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தியும் மீன்கொத்தியும் கரிச்சானும் தாராளமாகக் கிடைக்கும். போன் வைத்திருப்பது அண்ணனோ அக்காவோதான், அவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. பதிவேற்றும் வரை எண்ணிய தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அதில் நேரமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். நேரம் எழுதாத தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.